90 புள்ளியும் 76 புள்ளியும்

எங்கள் ஊரில் ஒரு கழகத்துக்கு விளையாடும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, இங்கிலாந்து உதைபந்தாட்டத்தில் 46 போட்டி விளையாடி மூன்றாவதாக வந்த அணி ஏறாமல் நிற்கிறது. அதைவிட 14 புள்ளி குறைவாக எடுத்த அணி பிளே-ஓஃப் என்ற தீர்ப்புப் போட்டிகளை வென்று மேல் லீக்கான பிரீமியர் லீக்குக்குப் போகிறது. இது எந்த ஊர் நியாயம்? நியாயமில்லை என்றால் சனம் ஏன் இதை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறது? திருகோணமலையில் இரண்டு பிரிவாக லீக் நடத்தக் கதை அடிபடுகிறது. அதில் இதை வைக்கலாமா?”

மூன்று கேள்வி. மூன்றும் ஒரே முடிச்சில்தான் கிடக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உடன்படாதவர்கள் இங்கிருந்தே சண்டையைத் தொடங்கலாம். ஆறாவதாக வந்த அணிக்கு வாய்ப்புக் கொடுப்பதில் எனக்கு ஓர் அநியாயமும் தெரியவில்லை. மூன்றாவதாக வந்த அணிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வாய்ப்புத்தான் என்று சொல்வதுதான் அநியாயம்.

தம்பி சொன்ன கதையையே எடுப்போம். அது 2025 மே மாதம். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சம்பியன்ஷிப்பில் 24 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு தரம், ஆக ஆளுக்கு 46 போட்டி. அந்தப் பருவத்து விதிப்படி முதல் இரண்டு அணிகள் நேரே மேலே போகும். மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்த நாலு அணிகள் மிச்சமிருக்கும் ஒரு இடத்துக்கு மோதும். மூன்றும் ஆறும், நாலும் ஐந்தும் அரையிறுதி; இரண்டு மைதானத்திலும் ஒவ்வொரு போட்டி. பிறகு லண்டன் வெம்ப்ளியில் ஒரே ஒரு இறுதி. அந்த வருஷம் லீட்ஸ், பேர்ன்லி இரண்டும் 100 புள்ளி எடுத்து ஏறிவிட்டன. ஷெஃபீல்ட் யுனைட்டெட் மூன்றாவது. களத்தில் அவர்கள் எடுத்தது 92. வேறு கழகங்களுக்குக் கொடுக்க வேண்டிய காசைப் பிந்திக் கொடுத்ததற்காக 2 புள்ளி வெட்டியதில் 90 ஆனது. நாலாவதாக வந்த சண்டர்லாண்ட் எடுத்தது 76. அதுவும் கடைசி ஐந்து லீக் போட்டியிலும் தொடர்ந்து தோற்றுவிட்டு வந்த அணி.

இறுதிப் போட்டி நமக்கு இரவு ஏழரைக்கு. எங்கள் தெருவில் நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடிப் பார்த்தோம். இரண்டு அணியிலும் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. யுனைட்டெட் முதலில் கோல் போட்டது, 76ஆவது நிமிஷம் வரை முன்னால் நின்றது. சண்டர்லாண்ட் சமப்படுத்தியது. 95ஆவது நிமிஷத்தில் டொமி வொட்சன் என்ற 19 வயதுப் பெடியன் தூரத்திலிருந்து தாழ்வாக அடித்த பந்து வலைக்குள் போனது. அந்தப் பெடியன் அடுத்த பருவத்துக்கு வேறு கழகம் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பிரீமியர் லீக்குக்கு வழி திறந்துவிட்டு அவர் அந்தக் கழகத்துக்கே விளையாடாமல் போய்விட்டார். எங்களோடு இருந்த ஒருவர் எழும்பிக் கத்தினார். அவருக்கு சண்டர்லாண்ட் வரைபடத்தில் எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

தம்பியின் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் அந்தச் சத்தத்தில் இருக்கிறது. ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: 14 புள்ளி எங்கே போனது?

ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். நாலு அணியும் சம பலம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25. மூன்றாவது அணி உண்மையிலேயே நல்ல அணி, எவரோடு மோதினாலும் பத்தில் ஆறு தரம் வெல்லும் என்று வையுங்கள். அது பெரிய இடைவெளி. அப்படியிருந்தும் அரையிறுதி, இறுதி இரண்டையும் தாண்டும் வாய்ப்பு 0.6 பெருக்கல் 0.6, அதாவது 36தான். நூற்றுக்கு 64 தரம் அது ஏறாது. நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் பிளே-ஓஃப் வென்றவர்களில் மூன்றாவது இடக்காரர்தான் அதிகம், ஆனாலும் பாதியை எட்டவில்லை. ஒன்பது மாதம் ஓடி எடுத்த இடத்துக்குக் கிடைத்த கூலி, அரையிறுதியின் இரண்டாவது போட்டி சொந்த மைதானத்தில் நடக்கும் என்பது மட்டும்தான். இறுதியில் அதுவும் இல்லை, வெம்ப்ளி எவருக்கும் சொந்தமில்லை.

இந்த முறைக்கு முதலில் அடிபட்டது யார் தெரியுமா? 1986-87 பருவத்தில்தான் இது இன்றைய பெயரில் வந்தது. அதற்கு முன் 1974 தொடக்கம் முதல் மூன்று அணியும் நேரே ஏறின. 1985இல் பிராட்ஃபர்ட் மைதானத் தீ, பிரசல்ஸின் ஹைசல் அரங்கில் ரசிகர்கள் நசுங்கிச் செத்த அழிவு இரண்டும் ஒரே மாதத்தில் நடந்து, அரங்குகள் காய்ந்து கிடந்த காலம். முதல் பிரிவை 22 அணியிலிருந்து 20 ஆகக் குறைக்க வேண்டியும் இருந்தது. அதற்கு ஒரு வழியாகத்தான் பிளே-ஓஃப் கொண்டுவந்தார்கள். முந்திய வருஷமாக இருந்திருந்தால் 75 புள்ளியோடு மூன்றாவதாக வந்த ஓல்ட்ஹம் அத்லெற்றிக் தூங்கிக்கொண்டே ஏறியிருக்கும். இந்த முறை 68 புள்ளி எடுத்த லீட்ஸோடு மோதச் சொன்னார்கள். இரண்டு போட்டியும் சேர்த்து 2-2. வெளி மைதானத்தில் கூடுதலாகப் போட்ட கோல் கணக்கில் லீட்ஸ் இறுதிக்குப் போனது, ஓல்ட்ஹம் நின்றது. அந்த லீட்ஸும் ஏறவில்லை என்பது வேறு கதை. அப்போது மேல் பிரிவில் கீழே கிடந்த ஓர் அணியும் பிளே-ஓஃபில் சேர்க்கப்பட்டிருந்தது. இறுதியில் சார்ல்டன் லீட்ஸை வென்று தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

இதே யோசனை நூற்றாண்டுக்கு முன்பே ஒருமுறை வந்து செத்தும் இருக்கிறது. 1893 முதல் 1898 வரை இங்கிலாந்தில் நேரடித் தரமுயர்வே கிடையாது. மேல் பிரிவின் அடி அணிகளும் கீழ்ப் பிரிவின் தலை அணிகளும் ‘டெஸ்ட் மேட்ச்’ என்ற பெயரில் மோதித்தான் இடம் தீர்ந்தது. 1898இல் ஸ்டோக்கும் பேர்ன்லியும் கடைசிப் போட்டிக்கு இறங்கியபோது, சமநிலையில் முடிந்தால் இருவருக்கும் மேல் பிரிவு நிச்சயம் என்ற நிலை. எத்தனைக்கு எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. பார்த்த சனத்துக்கு வந்த கோபத்தில் அந்த முறையே ஒழிந்து, நேரடியாக ஏறி இறங்கும் முறை வந்தது. ‘நேரடித் தரமுயர்வுதான் ஆதியிலிருந்து வந்த தூய முறை, பிளே-ஓஃப் பின்னால் வந்த காசு வியாபாரம்’ என்று சிலர் சொல்வார்கள். நடந்தது தலைகீழ். காசு வியாபாரம் இல்லையென்று சொல்ல வரவில்லை. வெம்ப்ளியில் வெல்லும் அணிக்கு 10 கோடி பவுணுக்கு மேல் வருமானம் என்று ஒவ்வொரு வருஷமும் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்.

பிளே-ஓஃபின் எல்லா முகத்தையும் ஒரே அணியில் பார்க்க வேண்டுமென்றால் அதே சண்டர்லாண்டைப் பாருங்கள். முதல் வருஷமான 1987இலேயே அவர்களை இது கடித்தது. இரண்டாம் பிரிவில் அடிப்பக்கம் கிடந்தவர்களை மூன்றாம் பிரிவின் கில்லிங்ஹமோடு மோதவிட்டார்கள். மொத்தம் 6-6! வெளி மைதானக் கோலில் கில்லிங்ஹம் முன்னேறியது. சண்டர்லாண்ட் தன் சரித்திரத்தில் முதல் தடவையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 1990இல் ஆறாவதாக வந்து, மூன்றாவதாக வந்த பக்கத்து ஊர்ப் பகையாளி நியூகாசிலை அரையிறுதியில் வீழ்த்தி, இறுதியில் ஸ்விண்டனிடம் 1-0 தோற்றது. ஸ்விண்டனின் காசுக் கணக்கில் ஊழல் பிடிபட்டதால் அதன் தரமுயர்வைப் பறித்து, தோற்ற சண்டர்லாண்டை ஏற்றினார்கள். நியூகாசில் ஆட்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மூன்றாவதாக வந்தும் இல்லை, நம்மை வென்றவன் இறுதியில் தோற்றும் அவனுக்கு உண்டு. 1998இல் சக்கரம் சுற்றியது. இப்போது 90 புள்ளியோடு மூன்றாவதாக வந்தது சண்டர்லாண்ட். 88 புள்ளி எடுத்த சார்ல்டனோடு இறுதி. மேலதிக நேரம் முடிய 4-4. சமநிலை தவிர்ப்பு உதையில் 7-6 என்று தோல்வி, பதினாலாவது உதையில். சார்ல்டனுக்கு அன்று மூன்று கோல் அடித்த கிளைவ் மென்டோன்சா சண்டர்லாண்டில் வளர்ந்தவர். இப்படியொரு கதையை நாடகத்தில் எழுதினால் அளவு கூடிப்போச்சு என்று கைதட்டாமல் எழும்பிப் போவோம்.

2019இல் மூன்றாம் நிலை லீக்கில் கிடந்தபோது மறுபடி சார்ல்டன், மறுபடி கடைசி மூச்சுக் கோல், மறுபடி தோல்வி. 2022இல் அங்கிருந்து பிளே-ஓஃப் வழியாகவே ஏறினார்கள். 2025இல் 90 புள்ளிக்காரரை வீழ்த்தினார்கள். 1998இல் அழுத அதே ஊர் 2025இல் சிரித்தது. இதைக் காட்டி ‘நீண்ட காலத்தில் எல்லாம் சமப்படும்’ என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். ஷெஃபீல்ட் யுனைட்டெட்டைக் கேளுங்கள். 2025 வரை பத்துத் தரம் பிளே-ஓஃப் போய் ஒருதரமும் ஏறாத கழகம் அது.

சரி, இவ்வளவு கொடுமை என்றால் நான் ஏன் இதை ஒழிக்கச் சொல்லவில்லை?

ஏனென்றால் நான் பந்தோடு ஓடியது கொஞ்சக் காலம், விசிலோடு ஓடியதுதான் அதிகம். ஏகாம்பரம் மைதானத்தில், மெக்கெய்சர் அரங்கில், கோல் கம்பத்துக்குப் பின்னால் மான் வந்து நிற்க, கச்சான் காற்றுப் புழுதியை வாரிக் கண்ணில் அடிக்க, லீக் போட்டிகள் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். எதற்கும் போட்டியில்லாத அணியைப் போல ஒரு லீக்கைக் கெடுக்கும் சாமான் வேறில்லை. ஒரு வருஷம் கடைசிக் கிழமையில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றன, கோல் வித்தியாசம்தான் தீர்க்கும் என்ற நிலை. ஒரு அணிக்குக் கிடைத்த எதிரணி முழுப் பலத்தோடு வந்தது. மற்ற அணிக்குக் கிடைத்த எதிரணி நடுவில் கிடந்த அணி, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. எட்டுப் பேரோடு வந்தார்கள். ஏழு பேர் இருந்தால் போட்டியைத் தொடங்கலாம் என்பது விதி. நான் விசில் ஊதத்தான் வேண்டும். ஒன்பது கோல் வாங்கினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவன் கடலுக்குப் போய்விட்டான், ஒருவனுக்கு வேலை, இன்னொருவன் ‘இதுக்கு என்னத்துக்கு’ என்று படுத்துவிட்டான். ஆனால் அந்த ஒன்பது கோலால் நல்ல அணியொன்று கிண்ணத்தை இழந்தது. பிளே-ஓஃப் இல்லாத, ‘தூய’ புள்ளி அட்டவணையில் நடந்த கதை இது.

லீக் அட்டவணை என்பது எல்லோரும் கடைசிவரை உண்மையாக விளையாடினால்தான் உண்மை பேசும். 24 அணி இருக்கும் லீக்கில் மூன்று இடம் மட்டும் என்றால் பங்குனி மாதமே பாதி அணிக்குப் பருவம் முடிந்துவிடும். அந்தப் பாதியோடு யாருக்கு எப்போது போட்டி விழுகிறது என்பது அதிர்ஷ்டம். ஆறாவது இடம் வரை கதவு திறந்திருந்தால் பன்னிரண்டாவதாக நிற்பவனும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். மூன்றாவது அணிக்கு எதிராக அவன் உயிரைக் கொடுத்து விளையாடுவான், நாலாவது அணிக்கு எதிராகவும் அப்படியே. ஆக, பிளே-ஓஃப் மே மாதத்தில் ஒரு அநியாயத்தைச் செய்து, பங்குனி சித்திரையில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பத்து அநியாயத்தைத் தடுக்கிறது. அந்த ஒன்று தொலைக்காட்சியில் வரும், பத்தும் வராது. அதனால்தான் நாம் ஒன்றைப் பற்றியே கதைக்கிறோம்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: பிளே-ஓஃபில் ஏறும் அணி பலவீனமானது, மேலே போய் அடிவாங்கி உடனே திரும்பும் என்று. இது பாதி உண்மைகூட இல்லை. பிரீமியர் லீக் வரலாற்றிலேயே ஆகக் குறைந்த புள்ளியான 11 எடுத்து 2008இல் இறங்கிய டேர்பி பிளே-ஓஃபில் வந்ததுதான், ஆனால் அது கீழே மூன்றாவதாக வந்த அணி. ஐந்தாவதாக வந்து 2013இல் ஏறிய கிறிஸ்டல் பலஸ் அதற்குப் பிறகு இறங்கவேயில்லை, 2025இல் எஃப்.ஏ. கிண்ணமும் தூக்கியது. 2023-24இலும் 2024-25இலும் புதிதாக ஏறிய மூன்று அணிகளும் ஒன்றுவிடாமல் இறங்கின. அதில் நாலு அணிகள் நேரடியாக ஏறியவை. கோளாறு ஏணியில் இல்லை, மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் இடையில் காசு வெட்டிய பள்ளத்தில்.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். வாய்ப்பு எல்லோருக்கும் கொடு, ஆனால் ஒரே அளவில் கொடுக்காதே. இதை மற்ற நாட்டுக்காரர் இங்கிலாந்தைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

இத்தாலியின் இரண்டாம் நிலை லீக்கான சீரி பியில், மூன்றாவது அணி நாலாவது அணியைவிட 14 புள்ளிக்கு மேல் முன்னால் நின்றால் பிளே-ஓஃபே நடக்காது, அது நேரே ஏறும். நடந்தாலும் அரையிறுதி சமநிலையில் முடிந்தால் அட்டவணையில் மேலே இருந்தவன் போவான், உதை போட்டுப் பார்க்கும் வேலையில்லை. இந்தக் கணக்கை ஷெஃபீல்ட் யுனைட்டெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 90க்கும் 76க்கும் இடைவெளி சரியாக 14. ஒரே ஒரு புள்ளியால் தவறியது! காசைப் பிந்திக் கொடுத்ததற்காக வெட்டப்பட்ட அந்த 2 புள்ளி இருந்திருந்தால் 16, இத்தாலியில் என்றால் வெம்ப்ளிக்கே போகாமல் ஏறியிருப்பார்கள். அந்த விதியிலும் ஒரு ஓட்டை உண்டு. முன்பு இந்த இடைவெளி 10 புள்ளியாக இருந்தது. 2007இல் கடைசி நாளில் ஜெனோவாவும் நாப்போலியும் மோதின, 0-0. நாலாவதாக இருந்த பியாசென்சாவும் வெல்லவில்லை என்று செய்தி வந்ததும் இரண்டு அணி ரசிகர்களும் சேர்ந்து கூத்தாடினார்கள், இரண்டு அணியும் ஏறின. 1898ஐ நினைத்துக்கொண்டேன்.

ஸ்பெயினிலும் மேலதிக நேரம் முடிந்தும் சமம் என்றால் மேலே இருந்தவனுக்குத்தான். அப்படியிருந்தும் அங்கே ஜிரோனாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். 2016, 2020, 2021 என்று மூன்று இறுதியில் தோற்றார்கள். மூன்றிலும் அவர்களை வென்றது ஆறாவதாக வந்த அணி: ஒசசுனா, எல்சே, ராயோ வயகானோ. 2022இல் அவர்களே ஆறாவதாக வந்து, மூன்றாவதாக வந்த ஐபாரையும் ஐந்தாவதாக வந்த டெனரிஃபையும் தாண்டி ஏறினார்கள். இரண்டு வருஷத்தில் ஸ்பெயினின் மேல் லீக்கிலேயே மூன்றாமிடம். சாதகம் கொடுத்தாலும் கதவு பூட்டப்படவில்லை, பாருங்கள். அந்த அளவுதான் வேண்டும்.

ஜேர்மனியில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அங்கே கீழ்ப் பிரிவின் மூன்றாவது அணி மோத வேண்டியது மேல் பிரிவில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்த அணியோடு. 2009 முதல் 2025 வரை 17 தரம் நடந்ததில் கீழே இருந்து வந்தவர்கள் வென்றது மூன்றே மூன்று: நியூர்ன்பெர்க், டுசல்டோர்ஃப், யூனியன் பெர்லின். இதற்குத் தரமுயர்வுப் போட்டி என்று பெயர் வைப்பதைவிட மேலிருப்பவனுக்குக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதம் என்று வைக்கலாம்.

இங்கிலாந்திலேயே ஐந்தாம் நிலை லீக்கில் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் நேரே அரையிறுதிக்கு, அதுவும் சொந்த மைதானத்தில் ஒரே போட்டி. நாலு முதல் ஏழு வரை வந்தவர்கள் முதலில் தங்களுக்குள் அடிபட்டு, களைத்துத்தான் அங்கே வருவார்கள். ஆனால் அங்கே நேரடி இடம் ஒன்றே ஒன்றுதான். 2023இல் ரெக்சம் 111 புள்ளியோடு ஏற, 107 புள்ளி எடுத்த நொட்ஸ் கவுன்டி பிளே-ஓஃபுக்குப் போக வேண்டியிருந்தது. அரையிறுதியில் 0-2 பின்னால் நின்று 3-2 என்று மீண்டு, இறுதியில் செஸ்டர்ஃபீல்டைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று ஏறினார்கள். தோற்றிருந்தால் அந்த லீக்கையே மூடச் சொல்லியிருப்பேன்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஐபிஎல்லில் முதல் இரண்டு அணிக்கும் ஒருமுறை தோற்க அனுமதி உண்டு, மூன்றுக்கும் நாலுக்கும் இல்லை. அட்டவணையில் மேலே வந்ததற்குக் கொடுக்கும் கூலி என்பது அதுதான். ஒரு வித்தியாசம்: அங்கே சம்பியன் யார் என்பதையே அப்படித் தீர்க்கிறார்கள். இங்கிலாந்து உதைபந்தாட்டத்தில் சம்பியனை அட்டவணைதான் தீர்க்கும். கடைசி ஒரு சீட்டு மட்டும்தான் இப்படி. அதனால்தான் எனக்கு இதில் கோபம் கொஞ்சம் குறைவு.

இனித் திருகோணமலை. தம்பி, இங்கிலாந்து முறையை அப்படியே தூக்கி வந்தால் நமக்குப் பொருந்தாது. ஆனால் நியாயப் பிரச்சினை நமக்கு அவர்களைவிடக் குறைவு. 46 போட்டிக்குப் பிறகு வரும் மூன்றாமிடம் கல்லில் எழுதியது மாதிரி. எட்டு அணி, ஆளுக்கு ஏழு போட்டி என்று நடக்கும் லீக்கில் மூன்றாமிடம் கடற்கரை மணலில் எழுதியது. ஒரு போட்டி மழையில் நின்றாலோ, ஒரு முன்கள வீரனுக்குக் காய்ச்சல் வந்தாலோ இரண்டாவதும் ஐந்தாவதும் இடம் மாறும். முன்பு கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து அணி வரவேண்டுமென்றால் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, பாதை பிந்தியதால் புள்ளி இழந்த அணிகளை நான் கண்டிருக்கிறேன். அப்படியான அட்டவணையை வைத்துக்கொண்டு ‘மூன்றாவதாக வந்தவனின் உரிமை’ என்று பெரிதாகக் கதைக்க ஏலாது. குறுகிய லீக்குக்குப் பிளே-ஓஃப் ஒருவகையில் திருத்தம்கூட.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் மேலே வந்தவனுக்குக் கொடுக்கும் ஒரே சலுகை சொந்த மைதானம். நமக்கு அது கிடையாது. எல்லா அணியும் ஒரே மைதானத்தில்தான் விளையாடுகின்றன, திருக்கடலூர்க்காரனுக்கும் பாலையூற்றுக்காரனுக்கும் அதே புல், அதே புழுதி. ஆகவே அவர்களுடைய விதியைப் பிரதி எடுத்தால் மேலே வந்தவனுக்கு ஒன்றுமே மிஞ்சாது. நான் சொல்வது இத்தாலி வழி: முதல் அணி நேரே ஏறட்டும், இரண்டு முதல் ஐந்து வரை பிளே-ஓஃப், ஒரே போட்டி, சமநிலை என்றால் மேலே வந்தவன் போகட்டும், மேலதிக நேரமும் இல்லை, உதையும் இல்லை. இறுதிக்கும் இதே விதி.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. நாலரைக்குத் தொடங்கும் போட்டி முடிய ஆறேகால் ஆகும், அதற்குப் பிறகு பந்து தெரியாது. இருட்டில் தண்ட உதை அடித்துத் தரமுயர்வைத் தீர்க்க நேர்ந்தால், அடுத்த நாள் மீன் சந்தை முழுக்க மத்தியஸ்தரின் பெயர்தான் அடிபடும். சமநிலை போதாது என்று தெரிந்த கீழ் அணி கடைசிப் பதினைந்து நிமிஷம் எல்லோரையும் முன்னுக்கு அனுப்பும், பின்னால் வெளியாகிக் கிடக்கும். பார்க்கவும் நல்லாயிருக்கும். நம் சனம் லீக் போட்டிக்கு வராமல், ஞாபகார்த்தக் கிண்ணத்து விலகல் போட்டிக்கு மதிலேறி நிற்பதும் இதற்காகத்தானே.

காலத்தையும் பார்த்து வையுங்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடை மழை தொடங்கிவிட்டால் கோல் வாசலில் குளம் கட்டிவிடும். பிளே-ஓஃபை புரட்டாதிக்குள் முடிக்கிற மாதிரி லீக்கைத் தொடங்க வேண்டும். அரையிறுதி இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஆனால் இறுதிக்கு முன் இரு அணிக்கும் போதிய ஓய்வு கிடைக்க வேண்டும். கடலுக்குப் போகிற பெடியளுக்கு வார நாள் போட்டி ஒத்துவராது, ஞாயிறுதான்.

கடைசியாக, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எந்த விதியை எடுத்தாலும் முதல் போட்டிக்கு முன்பே தாளில் எழுதி, ஒவ்வொரு கழகச் செயலாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் ஒரு வருஷம் வாயால் சொல்லிவிட்டு விட்டோம். சமநிலையில் முடிந்த அரையிறுதிக்குப் பிறகு ஒரு அணி ‘உதை இருக்கு’ என்றது, மற்றது ‘இல்லை’ என்றது. இரண்டு அணியும் மைதானத்தை விட்டு இறங்காமல் இருட்டும்வரை நின்றன. நான் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அந்த அரையிறுதி இன்னும் முடியவில்லை.